காக்கா என்றால் அண்ணன்

1

சிங்கப்பூரில் என்னைப் போன்ற நிரந்தரவாசிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். போன ஞாயிறு மதியம் ஜூரோங் வீட்டில், பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, அந்தப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பெயர், முகவரி எல்லாம் சரசரவென்று போயின. இப்போதைய பதவி என்ன, எப்போதிலிருந்து என்ற கட்டத்தில் கை நின்றுவிட்டது. ஆறு மாதமாகத்தான் இந்தப் பதவி. அதற்கு முன்னால் பதினான்கு வருடம் வேறு வேலை.

ஊரில் அந்த வேலைக்குப் பெயர் 'ஓட்டல் வேலை'. பரமக்குடியில் அப்பா அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார், நான் அவரிடம் அப்படிச் சொன்னதால். ஓட்டல் இருப்பது பொய்யில்லை. அதன் கீழ்த்தளத்தில் சூதாட்டக் கூடம் ஒன்று இருப்பதையும், அங்கே போக்கர் மேசையில் சீட்டுப் போடுவதுதான் என் பிழைப்பு என்பதையும் சொல்லாமல் விட்டேன். இதை அச்சில் பார்த்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். அந்த வேலை ஏன் போனது என்பதை ஒரு முறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறது.

2

போக்கர் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். ஒவ்வொருவர் கையிலும் அவருக்கு மட்டும் தெரிந்த இரண்டு சீட்டு. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, படிப்படியாகத் திறக்கப்படும். நடுநடுவே பந்தயம். எதிராளி வைத்த பந்தயத்துக்குச் சமமாக வைத்துத் தொடர்ந்தால் அதற்குக் 'கால்' என்று பெயர். வேண்டாம் என்றால் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிடலாம்.

ஆட்டம் பாதி சீட்டில், பாதி வாயில். என் மேசைக்கு ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் வருவார். நல்ல சீட்டு வந்துவிட்டால் போதும், "ஐயோ, கேனாட் வின் லா", ஜெயிக்கவே முடியாது என்று பெருமூச்சு விட்டபடியே பந்தயத்தை ஏற்றுவார். உண்மையிலேயே கையில் ஒன்றும் இல்லாதவர்கள் மூச்சு விடவே பயப்படுவார்கள். ஓயாமல் கதை பேசுகிறவர் வாக்கியத்தின் நடுவில் நின்றுபோனால் கவனிக்க வேண்டும். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவரையும்தான். சீட்டுப் போடுகிறவள் ஆடக்கூடாது, பேசக்கூடாது. கேட்கலாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடி அதைத்தான் செய்தேன். பத்தாவது வருடத்தில் என்னை மேற்பார்வையாளராக்கினார்கள். தகராறு வந்தால் தீர்த்துவைக்க வேண்டும், விதிகளை நினைவுபடுத்த வேண்டும். ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும் என்பது முக்கியமான விதி. ஒருவர் ஆட்டத்துக்கு இன்னொருவர் யோசனை சொல்லக்கூடாது என்பது அதைவிட முக்கியமானது.

இந்தக் காது வேலை நேரம் முடிந்ததும் கழற்றி வைக்கிற சீருடை இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அப்பா தொலைபேசியில், "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, தூங்கினேம்மா" என்றார். நான் சாப்பிட்டீர்களா என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். வைத்தவுடன் சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா முந்தின நாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மறுநாள் காலை விமானத்தில் போய் நின்றேன். "எப்படித்தான் கண்டுபிடிச்சா!" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு என் காதின் மேல் கர்வம் வந்துவிட்டது.

3

வீட்டில் அந்தக் கர்வத்துக்கு வேலை அதிகம். என் மகள் கீர்த்தனாவுக்குப் பதினைந்து வயது. தமிழ்த் தேர்வுக்கு வாய்மொழிப் பயிற்சி எடுக்கும்போது மட்டும் "என்னுடைய கருத்து என்னவென்றால்" என்று செந்தமிழில் தொடங்குவாள். பயிற்சி முடிந்த அடுத்த நொடி, "ஓகே லா மா, டன்" என்று ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். என் கணவர் முருகேசன் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். எனவே என் காதுக்கு அகப்படுகிறவள் அவள்தான்.

"டயர்டா இருக்கு மா" என்பாள்.

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"ஏன் இவ்ளோ வேகமா சொல்ற?"

அறைக் கதவு சாத்திக்கொள்ளும். கதவு சாத்துவதையும் நான் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்வேன்.

4

அது நடந்தது ஒரு புதன்கிழமை பிற்பகல், நான்கு மணி இருக்கும்.

என் மேசைகளில் ஒன்றில் மரைக்காயர் இருந்தார். கீழக்கரைக்காரர், எழுபதை நெருங்குகிறவர், இங்கே வந்து குடியுரிமை பெற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருந்து தம்பி மகனிடம் கொடுத்துவிட்டவர். வாரம் ஒருமுறை வருவார், சின்னதாக ஆடுவார், யாரிடமும் சத்தம் போடமாட்டார். அவரை அழைத்துப்போக ஜமால் என்பவர் வருவார். அதே ஊர், நாற்பது வயதுக்குள். தேக்காவில் ஒரு மளிகைக் கடையில் வேலை அனுமதியில் இருக்கிறவர். வந்தால் ஓரமாக நின்று காத்திருப்பார்.

அன்று ஜமால் நின்ற இடம், மரைக்காயருக்கு எதிரே ஆடிக்கொண்டிருந்த இளைஞனுக்குப் பின்னால், இரண்டடி தள்ளி.

நடுவில் நான்கு சீட்டு திறந்தாயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி. இளைஞன் பெரிய பந்தயம் வைத்தான். மரைக்காயர் வெகுநேரம் யோசித்தார். அவர் கைத்தொலைபேசி பக்கத்தில் கிடந்தது. அன்று மதியம் முழுக்க அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். அப்போது ஜமாலின் குரல், தாழ்ந்து, அலுப்போடு வந்தது.

"விட்டுருங்க காக்கா. அது வராது."

மரைக்காயர் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

இளைஞன் காதிலிருந்த கருவியைப் பிடுங்கினான். "அவன் என் சீட்டைப் பார்த்துட்டுச் சொல்றான்!" என்று ஆங்கிலத்தில் கத்தினான். ஆட்டம் நின்றது. பாதுகாப்பு அதிகாரி வந்தார். தள்ளிய சீட்டுகளைத் திருப்பினால் இரண்டும் இஸ்பேட், கறுப்பு. நடுவிலும் இரண்டு இஸ்பேட் கிடந்தது. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் பெரிய கை. மரைக்காயர் ஐந்தாவது இஸ்பேடுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

என்ன சொன்னார்கள் என்று அதிகாரி கேட்க, நான் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினேன். அவர் அதைத் தம் தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டார். 'விடு, காகமே. அது வராது' என்று வந்தது.

"காகம் கறுப்பு. இஸ்பேடும் கறுப்பு. சங்கேதமா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ராமநாதபுரம் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி கீழக்கரைப் பெண். அவள் வாயில் காக்கா என்றால் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் அவளுடைய காக்கா பலகாரப் பொட்டலத்தோடு நிற்பார். அதை விளக்கிச் சொன்னேன். அதிகாரி தலையாட்டினார். "அப்படியானால் அறிக்கையை நீங்களே எழுதுங்கள்" என்றார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

5

அறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டம். சொன்னது சொன்னபடி ஒன்று, அதன் பொருள் ஒன்று. இரண்டாவது கட்டம் சின்னது.

'அது வராது.' எது வராது? ஆங்கிலத்தில் வெறுமனே 'இட் வோன்ட் கம்' என்று போட்டால், சீட்டு வராது என்றுதான் படிப்பார்கள், யோசனை சொன்ன குற்றம் ஜமால் தலையில் விழும். ஆனால் நான் அந்தக் குரலைக் கேட்டிருந்தேன். யோசனை சொல்கிறவன் குரல் கூர்மையாக இருக்கும், அவசரம் இருக்கும். இதில் இருந்தது அலுப்பும் இரக்கமும். இரண்டு வாரம் முன்பு மரைக்காயர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் இப்போதெல்லாம் பேசுவதில்லை என்று சொன்னதும் என் காதில் விழுந்திருந்தது. தொலைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்ததை அதோடு சேர்த்தேன். எல்லாம் பொருந்தி வந்தது. வராதது மகளின் அழைப்பு. ஊர்க்காரர்களைக் காப்பாற்றும் நினைப்பும் இருந்தது, மறைக்கவில்லை.

அழைப்பு வராது என்ற பொருளில் எழுதினேன்: 'லீவ் இட், பிரதர். நோ கால்.'

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு ஊழியர் மின்தூக்கிக்கு நடந்தேன். கதவு திறந்தது. உள்ளே கால் வைத்ததும் உறைத்தது. போக்கர் கூடத்தில் 'நோ கால்' என்றால் என்ன? எதிராளியின் பந்தயத்துக்குக் கால் போடாதே என்று கட்டளை. பதினான்கு வருடம் அந்தச் சொல்லைத் தினமும் இருநூறு தடவை கேட்டவள், மனசு தொலைபேசியில் இருந்ததால் என் கையாலேயே அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பி ஓடினேன். அறிக்கை மேலே போய்விட்டது.

6

மறுநாள் விசாரணை. எதிரே இருந்தவர் சீனப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், பொறுமையானவர். தண்ணீர் கொடுத்தார்.

"அசல் வாக்கியத்தில் கால் என்ற சொல் இருக்கிறதா?"

"இல்லை."

"பிறகு எங்கிருந்து வந்தது?"

நான் சொல்லத் தொடங்கினேன். தமிழில் 'அது' எதைக் குறிக்கும், குரலில் இருந்த இரக்கம், தொலைபேசி, ஆஸ்திரேலியா. சொல்லச் சொல்ல என் குரல் மேலே ஏறுவது எனக்கே கேட்டது. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மேசையில் ஒருவர் இப்படிப் பேசினால் நான் என்ன முடிவுக்கு வருவேனோ, அந்த முடிவுக்கு அவர் வந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் அவர்களும் ஒரே ஊரா?"

"ஒரே மாவட்டம்" என்றேன். உண்மை அதுதான். அதைவிட மோசமான பதில் வேறு இல்லை.

ஜமால் எங்கே பார்த்தார் என்பது ஒளிப்பதிவில் தெளிவாக இல்லை. என் அறிக்கை தெளிவாக இருந்தது. விவகாரம் போலீசுக்குப் போனது. என்னை மேசைகளிலிருந்து விலக்கினார்கள். சம்பந்தப்பட்டவர்களோடு பேசக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

7

ஐந்து வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, தேக்காவில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கப் போனேன். எந்தக் கடை என்று யோசிக்காமல் நுழைந்துவிட்டேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஜமால் தராசுக்குப் பின்னால் நின்றிருந்தார். பார்த்ததும் கண்டுகொண்டார்.

"நீங்க அந்த மேசைக்கார அக்காதானே?"

பின்கட்டுச் சந்தில் இருந்த கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போனார். நான் பேசக்கூடாது என்பதை அவரிடம் சொன்னேன். "அப்ப நான் பேசுறேன், நீங்க கேளுங்க" என்றார்.

போலீசார் அவரது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார்கள். விசாரணை முடியும்வரை நாட்டை விட்டுப் போக முடியாது. ஊரில் தங்கைக்கு நிக்காஹ், இன்னும் பதினாறு நாள். பயணச்சீட்டு எடுத்தாயிற்று. மரைக்காயர் வீட்டில் விஷயம் தெரிந்து அவர் வெளியே வருவதே இல்லையாம்.

என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவரு அன்னைக்கு மக போனுக்காகத்தானே காத்திருந்தாரு? அதைத்தானே வராதுன்னு சொன்னீங்க?"

ஜமால் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

"மக போனா? இல்லக்கா. மேட்ச் ஸ்கோர் பாத்துட்டு இருந்தாங்க. நான் சொன்னது சீட்டைத்தான். வேற என்ன? கடைசி சீட்டு வரும் வரும்னு எப்பவும் உக்காந்திருப்பாங்க. ஒரு நாளும் வராது. அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, கூட்டிட்டுப் போகணும், அதான் சொன்னேன். ஆட்டத்துல வாய் தொறக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"அந்தப் பையன் சீட்டைப் பாத்தீங்களா?"

"எனக்குச் சீட்டே தெரியாதே. எது பெருசு எது சிறுசுன்னுகூடத் தெரியாது."

கோப்பி ஆறிவிட்டது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால், வேடிக்கை பார்க்க வந்தவர் விதி தெரியாமல் வாய்விட்டார் என்று அன்றைக்கு ஓர் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். அவர் குரலில் நான் கேட்ட அலுப்பு உண்மை. தொழுகைக்கு நேரமாகிற அலுப்பு. இரக்கத்தை மட்டும் நான் சேர்த்திருக்கிறேன். அதற்கு ஒரு மகளையும், ஒரு கதையையும்.

8

அன்று மாலையே திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முருகேசன் குளித்துவிட்டு வந்து பின்னால் நின்று படித்தார்.

"அவங்கள பாத்ததையும் எழுதப் போறியா?"

"ஆமா."

"வேலை போயிரும்."

"தெரியுது."

அவர் போய்த் துணி மடித்தார். நான் எழுதிக்கொண்டே போனேன். என் பின்னணி, என் அனுபவம், கீழக்கரைப் பேச்சு வழக்கு, என் நல்லெண்ணம் என்று இரண்டு பக்கம் ஆகிவிட்டது. ஆங்கிலப் பிழை பார்க்கச் சொல்லிக் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மா, திஸ் ஒன் டூ லாங். அவர் என்ன சொன்னார்?"

"அது வராதுன்னார்."

"நீங்க என்ன சேத்தீங்க?"

"கால்."

"தட்ஸ் ஆல். அத மட்டும் எழுதுங்க. மத்ததெல்லாம் உங்களைப் பத்திதான் இருக்கு."

அவளே அடித்துத் திருத்தினாள். ஆறு வாக்கியம் மிஞ்சியது. கடைசியில் விசைப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்கிட்டயும் இப்படித்தான் மா. நான் எப்படிச் சொல்றேன்னுதான் கேக்கறீங்க. என்ன சொல்றேன்னு கேக்கறதே இல்ல. டயர்டுன்னா டயர்டுதான். பட் அன்னைக்கு, ஸ்கூல் மாத்தணும்னு நேரா சொன்னேன்ல? 'ஏன் சிரிச்சிட்டே சொல்ற'ன்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க."

எனக்கு நினைவில்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். "நினைவில்ல கண்ணு. இப்ப சொல்லு." இன்னொரு நாள் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. நான் துருவவில்லை, காத்திருக்கிறேன். சரியா தவறா தெரியவில்லை.

கடிதம் போனது. என்னை இரண்டாம் முறை கூப்பிட்டு விசாரித்தார்கள். தடையை மீறிச் சந்தித்ததற்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. மேற்பார்வைப் பதவி போனது. வேலையை விட்டு அனுப்பவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. இப்போது ஊழியர் தளத்தில் சீருடை கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். சம்பளம் குறைவு. வருகிறவர்கள் சட்டை அளவைச் சொல்கிறார்கள், எடுத்துக் கொடுக்கிறேன்.

ஜமால் மேல் வழக்கு இல்லை என்று முடிந்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிக்காஹ் முடிந்து ஒன்பதாம் நாள்.

9

போன மாதம் கடைக்குப் போய் அவரைப் பார்த்தேன். இப்போது தடை எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேன். அவர் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"தங்கச்சி நல்லா இருக்கா?" என்றேன்.

"நல்லா இருக்குக்கா. நிக்காஹ்வுக்கு, வாப்பா மௌத்தாயிட்டாங்கள்ல, நான்தான் வலி."

அந்தச் சொல் எனக்கு நோவு என்றுதான் கேட்டது. வாய் ஏதோ ஆறுதல் சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டு கேட்டேன்.

"வலின்னா என்ன தம்பி?"

"பொண்ணுக்குப் பொறுப்பாளிக்கா. வாப்பா இல்லாட்டி கூடப்பொறந்தவன்தான் உக்காந்து, பொண்ணைக் கட்டிக் குடுத்தேன்னு சொல்லணும். நான் போகமுடியல இல்ல, சாச்சாவை, வாப்பாவோட தம்பியை, எனக்குப் பதிலா வச்சு, போன்ல சம்மதம் சொன்னேன். இங்கதான், இந்த மூட்டை மேல உக்காந்து. அங்க பந்தல்ல ஒரே சத்தம், அவங்களுக்குக் கேக்கல. மூணு தடவை சொன்னேன். அப்புறம் துஆ ஓத ஆரம்பிச்சாங்க. பாதியில லைன் கட்டாயிருச்சு. கடைக்கு ஆள் வந்துட்டாங்க. போய் வெங்காயம் நிறுத்துக் குடுத்தேன்."

அவர் அதை எந்தக் குரலில் சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். சொன்னது இவ்வளவுதான்.